சண்டைக்குச் சேர்த்த சொற்கள்

மச்சாள்,

உமது பேத்தி சற்று முன்புதான் என் குசினியிலிருந்து கோபத்தோடு எழும்பிப் போனாள். அவள் இருந்த கதிரையில் அவளுடைய தலைமயிரின் பழவாசம் இன்னும் நிற்கிறது. ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீர் பாதி குடித்தபடி ஆறிக் கிடக்கிறது. கோப்பையைக் கழுவ எழும்பினேன், கழுவாமலே வந்து இருந்தேன். கேற்றடிக்குப் போய் ஒழுங்கையைப் பார்த்தேன். உமது வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. இருக்கவும் ஏலவில்லை, நிற்கவும் ஏலவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து உமக்குப் பழக்கமானதுதானே. கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

நீர் போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. உமது ஆண்டுத் திருப்பலிக்கு மகன் அவுஸ்திரேலியாவிலிருந்து பெண்சாதியையும் மகளையும் கூட்டி வந்திருக்கிறான். போன வருசம் உம்மை அடக்கம் செய்ய அவன் தனியேதான் ஓடி வந்தான். ஆகையால் அந்தப் பிள்ளையை நேரில் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. என் தோளுக்கு மேலே வளர்ந்திருக்கிறாள். நெற்றி உம்முடையது, நாடி உம்முடையது. தமிழில் அவளுக்கு 'வணக்கம்' தெரியும், 'சாப்பிட்டியா' தெரியும், 'போதும்' தெரியும். போதும் என்னும்போது உம்மைப்போலவே உள்ளங்கையைக் காட்டி மறிக்கிறாள். தகப்பன் கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை மாமி என்கிறாள்.

அவள் இன்று என்னிடம் ஒன்று கேட்டாள். யாருக்கும் சொல்லவேண்டாம் என்று நீர் என்னிடம் கேட்டுக்கொண்டதை நான் சொல்லிவிட்டேன். சொன்னது சரியா என்று தெரியவில்லை. நீர் இருந்தால் வேலிக்கு அந்தப்பக்கம் நின்று என்னைக் கிழித்திருப்பீர்.

இதெல்லாம் தொடங்கிய நாள் உமக்கு ஞாபகம் இருக்குமா? பேத்தியோடு கதைத்துப் போனை வைத்துவிட்டு, நடுவேலியில் உள்ள ஓட்டையால், அந்தப் பொட்டால் குனிந்து நேரே என் குசினிக்கு வந்தீர். நான் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன்.

"எனக்கு இனி ஏலாது, மச்சாள். ஹவ் ஆர் யூ. ஸ்கூல் குட். ஈட். பாய். மூண்டு வயசுப் பிள்ளை மாதிரிக் கதைச்சுக் கதைச்சு எனக்கே என்னில வெறுப்பு வருது."

"பேத்தியோட கதைக்க அவ்வளவு காணாதோ? அன்பு இருந்தாச் சரிதானே."

"அன்புக்கு நாலு சொல்லுக் காணும். சண்டைக்குத்தான் நிறையச் சொல்லு வேணும். நான் அவளோட சண்டை பிடிக்க வேணும்."

நான் சிரித்தேன். நீர் சிரிக்கவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் நீர் சொன்னது சரி. என் பேரப்பிள்ளைகள் பாலையூற்றில் இருக்கிறார்கள். நினைத்த நேரம் பஸ் ஏறிப் போய், தலையை ஏன் இப்படி வெட்டினாய், போனை ஏன் சோத்துக் கோப்பைக்குப் பக்கத்தில் வைக்கிறாய் என்று ஒரு பாட்டம் சண்டை பிடித்துவிட்டு வருவேன். அவர்களும் விடமாட்டார்கள். "அம்மம்மா, உங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்று மூத்தவள் சீறுவாள். அந்தச் சீறலில் அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்துவிடும். உமக்கு அது கிடைக்கவில்லை. உமது பேத்தி உமக்குப் போனுக்குள் சிரிக்கும் ஒரு படம். அந்தப் பிள்ளைக்கும் நீர் அப்படித்தான்.

நீர் கொன்வென்டில் பத்தாவது வரை படித்தவர். எனக்கு இங்கிலீசில் எழுத்துக்களை இனங்காணத் தெரியும், அவ்வளவுதான். ஆனாலும் என்னை விட்டுவிட்டு நீர் மட்டும் படித்துப் பெரியாளாகிவிட நான் சம்மதிப்பேனா? "நானும்" என்றேன். அப்படித்தான் எங்கள் படிப்புத் தொடங்கியது.

சின்னச் சொற்களை விட்டுவிடுவது என்று முதல்நாளே முடிவெடுத்தீர். "சின்னச் சொல்லெல்லாம் பஸ் கொண்டக்டருக்கும் தெரியும். ஆளை நிமிந்து பாக்க வைக்கிற சொல்லாப் படிப்பம்." பஸ் நிலையத்துக் கடையில் ஞாயிற்றுக்கிழமை இங்கிலீசுப் பேப்பர் வாங்குவீர். மட்டை கழன்ற அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் மெல்லும்போது கல்லுக் கல்லாக இருக்கும் சொற்களாகப் பார்த்துப் பொறுக்குவீர். காலையில் மீன் வாங்க நடக்கும்போது ஒரு சொல்லோடு புறப்படுவோம். அந்தச் சொல்லுக்கு வழியில் ஓர் ஆள் பிடிக்க வேண்டும். அது உமது சட்டம். "ஆள் இல்லாத சொல்லு மனசில தங்காது" என்பீர்.

கந்தளாயிலிருந்து வரும் மேசன் உமது மதிலைப் பாதியில் விட்டுவிட்டு நாளைக்கு வாறன், திங்கள் வாறன் என்று சொல்லித் திரிந்தானே, அவனுக்கு 'புரொக்ராஸ்டினேட்'. செய்ய வேண்டியதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுவது. வெயிலில் ஊரே தண்ணீருக்கு அலையும் காலத்தில் குழாயைப் பிடித்து ரோட்டைக் குளிப்பாட்டும் மூலைவீட்டு அம்மாவுக்கு 'எக்ஸ்ட்ராவகன்ட்'. ஊதாரி. அவவுடைய கேற்றுக்கு முன்னால் நின்றே சத்தமாகச் சொல்லிப் பழகினோம். அவவும் "மோனிங் வோக்கோ?" என்று சிரித்துக் கையாட்டுவா.

ஒருநாள் மேசன் திடீரென்று வந்து மதிலைக் கட்டி முடித்துவிட்டான். நல்ல மதில். நீர் அதைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றீர். "பாத்தீரா, இவன் என்ர சொல்லைக் கெடுத்துப்போட்டான்!" மதில் எழும்பியதற்குக் கவலைப்பட்ட பொம்பிளை இந்தத் திருகோணமலையில் நீர் ஒருத்திதான்.

மீன்கடை நானாவிடம்தான் பிடிபட்டோம். கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவர், முஸ்லிம் அண்ணன் என்பதால் எல்லோருக்கும் அவர் நானா. பாரைத் தலையைத் தரச் சொன்னால் ஆயிரம் நியாயம் சொல்லிப் பின்னுக்கு இழுப்பார். அவருக்கு 'ரிலக்டன்ட்' வைத்தோம். மனமில்லாதவர். அவருக்கு முன்னாலேயே "ரிலக்டன்ட் டுடே" என்று நான் உமக்குச் சொல்வேன், "வெரி" என்று நீர் தலையாட்டுவீர். ஒருநாள் காலை எங்களைக் கண்டவுடன் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா ரெண்டு பேரும் இஞ்ச வாங்க. நான் ரிலக்டன்டா? என்ட மகள் டியூசன்ல கேட்டுட்டு வந்து சொல்றா. குடுக்க மனமில்லாத மனிசனாமே நான்?"

நான் மெல்ல உமது முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீர் ஒரு பதற்றமும் இல்லாமல், "அது போன மாசம், நானா. இப்ப வேற சொல்லு" என்றீர்.

"என்ன சொல்லு?"

"மக்னானிமஸ்."

"அப்பிடியெண்டா?"

"பெரிய மனசுக்காரர்."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாரைத் தலையைத் தூக்கி எங்கள் பைக்குள் போட்டார். அதன்பிறகு அந்தச் சொல்லை எங்களைவிட அவர்தான் அதிகம் சொன்னார். பக்கத்துக் கடைக்காரன் அவரிடம் சில்லறை மாற்ற வந்தாலும் "நான் ஆரெண்டு தெரியுமா?" என்று தொடங்குவார். பாரைத் தலை எங்களுக்குச் சும்மா வரத் தொடங்கியது.

ஊரில் இத்தனை பேருக்குச் சொல் வைத்தோம். எங்கள் இருவருக்கும் மட்டும் வைக்கக்கூடாது என்பதும் உமது சட்டம்தான். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "சொல்லை வைச்சிட்டா பிறகு ஆள் தெரியாது, மச்சாள். சொல்லுத்தான் தெரியும். மூலைவீட்டு அம்மாவை இப்ப உம்மால வேற மாதிரிப் பாக்க ஏலுமோ?" என்றீர். அவ கொடுத்துவிட்ட பால்கட்டிப் பெட்டி அப்போது உமது மேசையில் இருந்தது. நான் பெட்டியைத் திறந்து ஒரு துண்டை எடுத்துக் கடித்தேன்.

இவ்வளவையும் எழுதுவது சிரிக்கவல்ல. அடுத்ததை எழுதக் கை பின்னிழுக்கிறது. எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அந்தப் பின்னேரம். எங்கள் ஊரில் ரோட்டுக்கு நடுவே மான் நிற்கும், பஸ்காரன் ஹோன் அடித்துக் களைப்பான், அது தலையைக்கூடத் திருப்பாது. அதற்கு நீர் 'நொன்ஷலன்ட்' வைத்திருந்தீர். எது நடந்தாலும் எனக்கென்ன என்று நிற்கும் குணம். அந்தச் சொல் உமக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அன்று பேத்தியிடம் அதைச் சொல்வதென்று காலையிலிருந்து பழகினீர். முகம் கழுவிப் பவுடர் பூசி, சேலையைச் சரிசெய்து, போனைப் போத்தலில் சாய்த்து வைத்தீர். நான் படத்துக்குள் விழாதபடி பக்கத்தில் ஒதுங்கி இருந்தேன். பிள்ளைக்கு அப்போது முன்பல் விழுந்திருந்தது. எங்கள் ஊர் மான்கள் நொன்ஷலன்ட் என்று முழு வசனமாக, ஒரு பிழையில்லாமல் சொன்னீர்.

அவள் சிரித்தாள். கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். போன் சரிந்து அந்த வீட்டுக் கூரை எங்களுக்குத் தெரிந்தது. சிரிப்பு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் மறுபடி போனை எடுத்தபோது நீர் கேட்டது, "சாப்பிட்டியா பிள்ளை?"

போனை வைத்த பிறகு உமது முகத்தை நான் பார்த்தேன்.

"பாத்தீரா? கிளி கதைச்ச மாதிரியெல்லோ சிரிக்கிறாள்."

"சின்னப்பிள்ளைதானே, மச்சாள். சிரிச்சா என்ன?"

"இந்தப் படிப்பை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். மகனுக்கும் சொல்லாதையும். இன்னும் கொஞ்சம் சேரட்டும். சேர்ந்த பிறகு கதைக்கிறன்."

சேர்ந்தது, மச்சாள். எவ்வளவோ சேர்ந்தது. அடுத்த நாளும் நடந்தோம், அதற்கடுத்த வருசங்களும் நடந்தோம். நீதவானுக்கு முன்னால் நின்று வழக்குப் பேசும் அளவுக்கு உம்மிடம் சொல் இருந்தது. போன் அடித்தால் மட்டும் "சாப்பிட்டியா?" இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றீர். எனக்கு அப்போதே ஒரு எரிச்சல் இருந்தது. கதைக்கத்தானே படிக்கத் தொடங்கினோம், இப்போது கதைக்காமல் இருக்கவல்லவா படித்துக்கொண்டிருக்கிறோம் என்று. கேட்டால் உமக்கு மூக்கில் கோபம் வரும். கேட்கவில்லை. பிறகு ஒரு விடியற்காலை உமது வீட்டில் விளக்கு எரியவில்லை.

நேற்றுத் திருப்பலி முடிந்து உமது மகன் முன்னுக்கு வந்து இரண்டு வார்த்தை சொன்னான். தமிழில் சொல்லிவிட்டு, பெண்சாதிக்கும் மகளுக்கும் விளங்கட்டும் என்று இங்கிலீசிலும் சொன்னான். அம்மா ஒரு 'சிம்பிள்' பொம்பிளை என்றான். பாசத்தோடுதான் சொன்னான், குரலும் உடைந்தது. ஆனால் எனக்குக் கோயில் வாங்கில் இருப்புக் கொள்ளவில்லை. சிம்பிளோ? ஊருக்கெல்லாம் சொல் வைத்தவளுக்கு, போய்ச் சேர்ந்த பிறகு, பெற்ற பிள்ளை வைத்த சொல் அதுவோ? பக்கத்தில் இருந்த மூலைவீட்டு அம்மா, "என்ன, காலிலை எறும்போ?" என்று கேட்டா.

இன்று காலை அந்தப் பிள்ளை தனியே வேலிப் பொட்டால் வந்தாள். அதை யார் அவளுக்குக் காட்டியதோ தெரியாது. தேத்தண்ணீர் கொடுத்தேன். சீனியைக் கலக்க ஏதோ கேட்டாள், எனக்கு விளங்கவில்லை. விரலைச் சுற்றிக் காட்டினாள். மக்னானிமஸ் தெரிந்தவளுக்குக் கலக்குவதற்கு இங்கிலீசில் என்ன என்று தெரியவில்லை. எங்கள் படிப்பு அந்த லட்சணம்.

அவள் கேட்டதை நம் பாஷையில் எழுதுகிறேன். மெதுவாய், எனக்காகச் சொல்லைப் பிரித்துப் பிரித்துக் கேட்டாள்.

"அப்பா சொல்கிற மாதிரி அப்பம்மா அவ்வளவு சிம்பிளான ஆளா? எப்போது எடுத்தாலும் சாப்பிட்டியா என்றுதான் கேட்பா. பிறகு பிறகு அவ கேட்கிறதுக்கு முதலே சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் போனைக் கொடுத்துவிடுவேன். வேறொன்றும் அவ என்னிடம் கேட்டதே இல்லை. என்னை அவவுக்குப் பிடிக்குமா, மாமி?"

ஓம், உன்னில் உயிராக இருந்தா என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்தான். அதற்கு என்னிடம் இங்கிலீசும் போதும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போயிருப்பாள், வியாழக்கிழமை பிளேன் ஏறியிருப்பாள். எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். நீரும் அவளுக்கு முடிந்துபோயிருப்பீர். சாப்பிட்டியா என்று கேட்ட ஒரு நல்ல கிழவி.

என்னால் ஏலவில்லை. உமது வாக்குக்காக உம்மையே சிம்பிளாக்கிவிட என்னால் ஏலவில்லை.

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேளாதையும். பெரிய சொற்கள் கல்லுக் கல்லாக வந்து விழுந்தன, நடுவில் வைத்துக் கட்டச் சாந்து இல்லை. 'ஆகையால்' எப்படி, 'ஆனாலும்' எப்படி என்று நாங்கள் படிக்கவே இல்லையே. நடை காட்டினேன், மேசனைக் காட்டினேன், மீன் வெட்டிக் காட்டினேன். மான் மாதிரி நின்றும் காட்டினேன். சொன்ன சொல்லுக்கெல்லாம் அவள் கண் விரிந்தது. பிறகு அந்தப் பின்னேரத்தைச் சொன்னேன். நீ சிரித்தாய், அதோடு அவ வாயை மூடினா என்று சொன்னேன். அதைச் சொல்ல எனக்குச் சின்னச் சொற்களே போதுமாக இருந்தன.

அவள் அழுவாள் என்று பயந்திருந்தேன். அழவில்லை, எழும்பிவிட்டாள்.

"எனக்கு ஞாபகம் இருக்கிறது! நான் அவவைப் பார்த்தா சிரித்தேன்? ஒரு மான், நொன்ஷலன்டாக, பஸ்ஸுக்கு முன்னால்! எவ்வளவு பகிடி அது! அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் நான் முதன்முதல் கேட்டேன். அம்மாவிடம் அர்த்தம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். அடுத்த கிழமை அப்பம்மா என்ன சொல்வா என்று நான் காத்திருந்தேன், மாமி. அவ என்ன கேட்டா தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"கனநாள் காத்திருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்."

கேட்டீரா, மச்சாள்? நீர் இங்கே சேர்த்துக்கொண்டு இருந்தீர். அவள் அங்கே போனுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு இருந்தாள்.

"ஒரு சிரிப்புக்காக விட்டுவிடுவதா? அவ ஒரு கோழை," என்றாள்.

நானும் எழும்பிவிட்டேன். கோழையென்று உம்மை என் குசினிக்குள் வைத்து ஒருவர் சொல்லவோ? நோ என்றேன். அதற்கு மேல் இங்கிலீசு எங்கிருந்து வந்ததோ எனக்குத் தெரியாது. உன் அப்பம்மா பெருமைக்காரி, 'சென்சிடிவ்' ஆள், ஊசி குத்தினாலும் உள்ளே போய்விடும் என்றேன். "நான் சின்னப்பிள்ளை, அவதானே பெரியாள்" என்றாள். வேற்றுப் பாஷையில் நாக்கை வைக்க ஒரு வயதானவளுக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியாது என்றேன். "நீங்கள் இப்போது கதைக்கிறீர்கள்தானே? பிழை பிழையாய்க் கதைக்கிறீர்கள். எனக்கு விளங்குகிறதே!" என்றாள். மேசையில் தட்டினேன். அவளும் தட்டினாள். தேத்தண்ணீர் தளும்பியது. எத்தனை நாள் நடந்து பொறுக்கினோம், அவளுக்குப் பதிலாக அதில் ஒன்றுகூட இல்லை.

"போதும்" என்று உம்மைப்போல உள்ளங்கையைக் காட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பி, நான் இன்னும் முடிக்கவில்லை, நாளைக்குக் காலையில் வருவேன் என்றாள். போய்விட்டாள்.

இப்போது உமது வீட்டுப் பக்கம் குரல்கள் கேட்கின்றன. தகப்பனும் மகளும். உரத்துக் கதைக்கிறார்கள். என்ன என்று விளங்கவில்லை, ஆனால் இடைக்கிடை 'அப்பம்மா' என்று கேட்கிறது. மகன் நாளைக்கு என் முகத்தைப் பார்ப்பானோ தெரியாது.

இந்த வருசம் முழுக்க நான் தனியே நடக்கிறேன். தனிவாயில் சொல் நிற்காது என்று தெரிந்தும் காலையில் ஒன்றை முணுமுணுத்துக்கொண்டுதான் போகிறேன். விட மனம் வரவில்லை. உம்முடையதில் என்னிடம் இருப்பது அந்தச் சண்டைச் சொற்கள்தான். நீர் பிடிக்காத சண்டை என் கையில் வந்து விழுந்திருக்கிறது. அகராதியை உமது மகனிடம் கேட்டு வாங்க வேண்டும். பயம் என்பதற்குக் கோழைத்தனம் இல்லாத ஒரு சொல் அதில் இருக்கும், இல்லாமல் போகாது. நாளைக்கு அவள் வருமுன் தேடி எடுக்க வேண்டும்.

உம்மை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் எத்தனை தரம் மேசையில் தட்டினாலும் உமக்காகத்தான் கதைப்பேன். ஆனால் மச்சாள், உம்மிடம் மட்டும் சொல்கிறேன், உள்ளுக்குள்ளே நான் அவள் பக்கம்தான்.